சுவிட்ச் யார் கையில்?

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் மூன்று வாரம் காது கேட்காமல் இருந்தான். ஏழு வயசு. பிறவியிலேயே கேட்காது. மூன்று வயசில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சென்னையில் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தார்கள். அதுக்கப்புறம் பேச்சுப் பயிற்சி, மேப்பிங் என்று அவன் அம்மா கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு எத்தனை தடவை பஸ் ஏறியிருப்பார் என்று அவருக்கே கணக்கு இல்லை. பௌர்ணமி அன்றைக்கு அப்பாயின்ட்மென்ட் விழுந்துவிட்டால், திரும்பி வரும்போது கிரிவலக் கூட்டத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றே வரணும். அத்தனைக்கும் பலன் இருக்கிறது. பையன் இப்போ வாய் ஓயாமல் பேசுகிறான்.

ஒருநாள், காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவிக்கும் தலையில் ஒட்டுகிற காயிலுக்கும் நடுவில் போகிற ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோச்சு. ஒரு சாண்கூட இல்லாத ஒயர். கருவி விற்றவர்களுக்குப் போன் போட்டால், அந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லை, வந்ததும் சொல்கிறோம் என்று பதில். "ஒயர் வர்ற வரைக்கும் இவனுக்குக் காது இல்லைண்ணா" என்றார் அவன் அம்மா. மண்டைக்குள் பல லட்ச ரூபாய்க் கருவி ஒரு கோளாறும் இல்லாமல் இருக்கிறது. பையனுக்கு மட்டும் கேட்கவில்லை.

அதே மூன்று வாரத்தில் எனக்கு வாட்ஸப்பில் வந்தவை வேறு மாதிரி. மூளையில் சிப் வைத்து மனசாலேயே கம்ப்யூட்டர் ஓட்டுகிறார்கள். முதுகுத்தண்டு முறிந்தவர் மின்சாரத்தால் எழுந்து நடந்தார். அறுந்த நரம்பு கரண்ட் கொடுத்தால் வளர்கிறது. இந்த விஷயத்தில் நான் கொஞ்ச காலமாகக் குறிப்பு எடுத்துவருவது தெரிந்து நண்பர்கள் அனுப்புகிறார்கள். எல்லாவற்றையும் படித்தேன். எதிலும் அந்த ஒயர் இல்லை.

இந்தப் பதிவு அப்படிப்பட்ட எழுத்தின் மேல் ஒரு விமர்சனம். விஞ்ஞானத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. என் வாதம் சின்னது: கரண்டில் ஓடுகிற இம்ப்ளாண்டைப் பொருத்தியதோடு கதை முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. அது வருஷக்கணக்கில் யாரோ ஒருத்தரை நம்பி ஓடணும். அந்த யாரோ ஒருத்தர் யார் என்று கேட்காத கட்டுரை, எத்தனை ஆச்சரியக்குறி போட்டாலும், பாதிக் கட்டுரைதான்.

மூன்று வேலைகள், ஒரே பை

முதல் குறை, நம் பத்திரிகைகளும் யூடியூபும் மூன்று வெவ்வேறு வேலைகளை ஒரே பையில் போட்டுக் குலுக்குவது. உடம்பு ஏற்கெனவே மின்சாரத்தில் ஓடுவதுதான். ஒரு நரம்புச் செல்லின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையே சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கிறது. அந்த வித்தியாசம் சட்டென்று புரண்டு திரும்புவதுதான் சிக்னல். அதனால் வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து உடம்போடு பேசலாம் என்பதில் மாயம் எதுவும் இல்லை. என்ன பேசுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

ஒன்று, இல்லாத சிக்னலுக்குப் பதில் சிக்னல் கொடுப்பது. பேஸ்மேக்கர் இந்த வகை. காக்ளியர் இம்ப்ளாண்டும் இந்த வகை. உள்காதில் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் செய்கிற வேலையை 12 முதல் 22 மின்முனைகளை வைத்துச் செய்யப் பார்க்கிறோம். நினைத்துப் பார்த்தால் அநியாயமான சுருக்கம். ஆனாலும் நடக்கிறது, ஏனென்றால் சின்ன வயசு மூளை மீதியைத் தானாகக் கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு கரண்ட் என்று ஆடியாலஜிஸ்ட் உட்கார்ந்து சரிசெய்வதுதான் மேப்பிங். அது சரியில்லை என்றால் பிள்ளைக்குக் கேட்பது பேச்சு அல்ல, இரைச்சல்.

இரண்டு, தப்பாக அடிக்கிற தாளத்தைத் திருத்துவது. பார்க்கின்சன் நோயில் மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு சின்ன இடத்துக்குள் மெல்லிய மின்முனையை இறக்கி, மார்புத்தோலுக்கு அடியில் பேட்டரி வைத்து, நொடிக்கு 130 தடவை போலத் துடிப்பு கொடுப்பது. இதை ஆழ்மூளைத் தூண்டல் என்கிறோம். நடுக்கம் பல பேருக்கு நன்றாகவே குறைகிறது. ஆனால் நோய் உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும். கரண்ட் நின்றால் நடுக்கம் திரும்பிவரும்.

மூன்று, திசுவை வளரவைப்பது. இதுதான் தலைப்புகளில் அதிகம் வருவது, சான்று குறைவாக இருப்பதும் இதுதான். ஜப்பானில் புகாடா, யாசுடா என்கிற இரண்டு பேர் 1957-ல் எலும்பை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றுகிறது என்று காட்டினார்கள். அதிலிருந்து, கூடாத எலும்புமுறிவுக்குக் கரண்ட் கொடுத்தால் கூடுமா என்ற தேடல் கிளம்பியது. 1970-களின் கடைசியிலேயே அமெரிக்காவில் அதற்குக் கருவி சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் சோதனை முடிவுகள் இன்றுவரை கலவையாகத்தான் இருக்கின்றன. அமெரிக்க எலும்பு மருத்துவர் ராபர்ட் பெக்கர் 1985-ல் எழுதிய ஒரு புத்தகம், வெட்டிய காலை மறுபடி வளர்த்துக்கொள்கிற சாலமாண்டரிலிருந்து மனிதன்வரை ஒரு கனவை விரித்துவைத்தது. இன்றைக்கு நமக்கு வருகிற பல வீடியோக்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கனவின் பேரப்பிள்ளைகள்தான்.

இந்த மூன்றையும் கலந்தால் என்ன ஆகும்? ஓர் உதாரணம். சுவிட்சர்லாந்தின் லோசானில் கூர்த்தீன் என்கிற விஞ்ஞானியின் குழு, தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு முதுகில் மின்முனைத் தகடு வைத்து நடக்கவைத்ததை 2018-ல் வெளியிட்டது. உண்மையிலேயே பெரிய வேலை. ஆனால் இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் "அறுந்த நரம்பு மீண்டும் இணைந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே நடந்தது, அடிபட்ட இடத்துக்குக் கீழே இன்னும் உயிரோடு இருக்கிற நரம்புச் சுற்றுகளை, சரியான நேரத்தில் சரியான கரண்ட் கொடுத்து எழுப்பியது. அதாவது பெரும்பாலும் இரண்டாம் வேலையைப் போன்றது. மூன்றாம் வேலை என்று நம்பி விபத்தில் அடிபட்ட ஒருவரின் குடும்பம் நிலத்தை விற்றுக்கொண்டு ஏதாவது ஒரு 'சென்ட'ருக்குப் போனால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? ஒரு வினைச்சொல்லைக் கவனமில்லாமல் போடுவதன் விலை அது.

மதராஸில் நடந்ததும் நாம் சொல்வதும்

இரண்டாவது குறை, நம்ம ஊர்க் கதையை நாம் சொல்கிற விதம்.

இந்தத் துறை வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்கு: இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய வேலூரில்தான், சி.எம்.சி.யில், ஜேக்கப் சாண்டி 1949-ல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருஷம் மதராஸ் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அவரோடு வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோர் சேர்ந்து, மண்டையில் சட்டம் பொருத்தி மில்லிமீட்டர் கணக்கில் அளந்து மூளையின் ஆழத்துக்கு ஊசி இறக்குகிற ஸ்டீரியோடாக்டிக் அறுவையில் 1960-களிலேயே பேர் எடுத்தார்கள்.

இதில் கனகாவின் பெயர் இப்போ இணையத்தில் அடிக்கடி வருகிறது. ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர். 1932-ல் பிறந்து, 1968-ல் நரம்பு அறுவையில் எம்.சிஎச். முடித்து, 1990-ல் ஓய்வு பெற்று, 2018-ல் காலமானவர். இந்தியாவில் மூளைக்குள் நீண்டகாலம் இருக்கும்படி மின்முனை பொருத்தி, 1975-லேயே ஆழ்மூளைத் தூண்டல் செய்தவர். நூறு தடவைக்கு மேல் ரத்ததானம் செய்தவர். அவரைப் பற்றி மகளிர் தினம்தோறும் வருகிற கட்டுரைகளை வரிசையாகப் படித்தேன். "முதல்" என்ற சொல் ஒவ்வொன்றிலும் ஆறேழு தடவை வருகிறது. சிலர் ஒரு படி மேலே போய், பிரான்சின் பெனாபிட் 1987-ல் செய்ததை நம்ம கனகா பன்னிரண்டு வருஷம் முன்னாடியே செய்துவிட்டார் என்று எழுதுகிறார்கள்.

இந்தப் பெருமிதம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கணக்கு அப்படி இல்லை. மூளையில் மின்முனையை விட்டுவைத்துத் தூண்டுவது 1950-களிலிருந்தே அமெரிக்காவிலும் பிறகு ரஷ்யாவிலும் நடந்தது. நாள்பட்ட வலிக்காகத் தலாமஸில் பொருத்தியதை 1973-ல் கலிபோர்னியாவில் வெளியிட்டார்கள். பெனாபிட் செய்தது வேறு: நடுக்கத்துக்காக மூளைப்பகுதியைச் சுட்டு அழிக்கும் முன், இடம் சரிதானா என்று கரண்ட் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அதில் நொடிக்கு நூறு போன்ற வேகமான துடிப்பு கொடுத்தால் நடுக்கம் அங்கேயே நிற்கிறது, அப்படியானால் எதற்கு அழிக்கணும், கரண்டையே நிரந்தரமாகக் கொடுக்கலாமே என்று கண்டது. கனகாவின் வேலையை மதிக்க அவரைப் பெனாபிட்டோடு ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தத் தேவையில்லை. ஒரு அரசு மருத்துவமனையில், இலவசப் படுக்கையில், 1975-ல் அதைச் செய்ததே போதும்.

எனக்கு இன்னும் உறுத்துவது, "முதல்" என்ற சொல் எதை மூடுகிறது என்பது. அந்தக் காலத்து மதராஸில் ஸ்டீரியோடாக்டிக் ஊசி நடுக்கத்துக்கு மட்டும் போகவில்லை. கட்டுக்கடங்காத முரட்டுத்தனம், ஓயாத துறுதுறுப்பு என்று கொண்டுவரப்பட்டவர்களின் அமிக்டலாவிலும் ஹைப்போதலாமஸிலும் சின்னச் சின்ன இடங்களை அழிக்கிற அறுவைகள் நடந்தன. பல வருஷங்களில் பல நூறு பேர். அதில் குழந்தைகளும் உண்டு. பாலசுப்பிரமணியம் அதற்கு வைத்த பெயரே "அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை" என்ற பொருள் தருவது. நோயாளியை அமைதியாகவும் சமாளிக்கக்கூடியவராகவும் ஆக்குவது என்று அதை அவர்களே விளக்கினார்கள். ஒளிக்கவில்லை, மருத்துவ இதழ்களில் வெளிப்படையாக எழுதினார்கள். கனகாவின் பெயரும் அந்தக் கட்டுரைகளில் உண்டு.

இதைச் சொல்வதால் அவர்களை வில்லன்களாக்க நான் நினைக்கவில்லை. மருந்து குறைவு, சிறப்புப் பள்ளி இல்லை, பிள்ளையைத் தூணில் கட்டிவைத்துவிட்டு வயல்வேலைக்குப் போன குடும்பங்கள் இருந்த காலம். அந்தக் குடும்பங்களின் கண்ணீரைப் பார்த்துத்தான் கத்தி எடுத்திருப்பார்கள். ஆனால் "சமாளிக்கக்கூடியவர்" என்றால் யார் சமாளிக்க? அந்தக் கேள்வி நோயாளியிடம் கேட்கப்பட்டதா? சுட்டு அழித்த மூளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மகளிர் தினக் கட்டுரைகளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. போற்றுதலும் கேள்வியும் ஒரே பக்கத்தில் இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

இந்த இடத்தில்தான் மின்முனையின் உண்மையான அருமை புரிகிறது. அழிப்பதற்குப் பதில் தூண்டினால், பிடிக்கவில்லை என்றால் நிறுத்தலாம். கூட்டலாம், குறைக்கலாம். கத்தியிலிருந்து கரண்டுக்கு வந்ததன் அறம் அதுதான்: திரும்பி வர வழி இருக்கிறது. சுவிட்ச் இருக்கிறது.

சரி, அந்த சுவிட்ச் யார் கையில்?

கம்பெனி மூடினால்

மூன்றாவது குறை, இந்தக் கேள்வியையே எழுத்து கேட்காமல் விடுவது. கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் செகண்ட் சைட் என்ற கம்பெனி, பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் 60 மின்முனை கொண்ட ஆர்கஸ் 2 என்ற இம்ப்ளாண்டைப் பொருத்தியது. ஐரோப்பாவில் 2011-லும் அமெரிக்காவில் 2013-லும் அனுமதி. "செயற்கைக் கண்" என்று உலகம் முழுக்கத் தலைப்பு, தமிழிலும் வந்தது. 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். 2019-ல் கம்பெனி அந்தக் கருவியைக் கைவிட்டது, 2020-ல் மூடுகிற நிலைக்கே வந்தது. 2022-ல் ஒரு பொறியியல் இதழ் விசாரித்து எழுதியபோதுதான் வெளியே தெரிந்தது: கருவி பழுதானால் பார்க்க ஆள் இல்லை, உதிரி இல்லை. கண்ணுக்குள் செத்த கருவியோடு ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

கலிபோர்னியாவில் இன்னொரு கம்பெனி. கொத்துத் தலைவலி என்று ஒரு கொடுமையான தலைவலி உண்டு. அதற்கு முகத்துக்குள் ஒரு நரம்பு முடிச்சின் அருகில் தூண்டி வைத்தார்கள். 700 பேருக்கு மேல். 2019-ல் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. கருவியைச் சரிசெய்கிற மென்பொருளும் அதோடு போச்சு.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், வலிப்பு வருவதை முன்கூட்டியே சொல்கிற மூளைக் கருவியை 15 பேருக்கு வைத்துச் சோதித்தார்கள். நன்றாக வேலை செய்தது. கம்பெனியிடம் பணம் தீர்ந்துபோனது, கருவிகளை எடுக்கணும் என்றார்கள். ஒரு பெண் எடுக்கவிட மாட்டேன் என்று மறுத்தார். அது தன்னில் ஒரு பாகமாக ஆகிவிட்டது என்றார். கடைசியில் எடுத்துவிட்டார்கள். சோதனை வெற்றி, ஆனால் சோதிக்கப்பட்டவர் இழந்தவர். இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

நியூராலிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் முதல் மனிதருக்கு வைத்தபோது நம் ஊர் டீவி எல்லாம் காட்டியது. மூளைக்குள் விட்ட இழைகள் பல சில வாரங்களில் பின்வாங்கிவிட்டன என்று மே மாதம் கம்பெனியே சொன்னதை எத்தனை பேர் காட்டினார்கள்? மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள் என்பதும் அந்தச் செய்தியில் உண்டு. அதாவது அறுவைக்குப் பிறகு உட்கார்ந்து வேலை பார்க்க ஆள் இருந்தார்கள். உண்மையான செய்தி அதுதான்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று பழையது, எனக்கு மிகவும் பிடித்தது. 1958 அக்டோபர் 8-ம் தேதி ஸ்வீடனில் உலகத்தின் முதல் உட்பொருத்தும் பேஸ்மேக்கரை வைத்தார்கள். அது சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. தலைப்பு எழுதுகிறவனுக்கு அது தோல்வி. ஆனால் அந்த நோயாளி 2001 வரை உயிரோடு இருந்தார். இடையில் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றினார்கள். அவரை 43 வருஷம் வாழவைத்தது 1958-ன் அதிசயம் அல்ல, அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்துவைத்த ஒரு மருத்துவமனையும் ஒரு தொழிலும்.

எண்ணிக்கையில் விடுபடுகிறவர்கள்

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டணும். காக்ளியர் இம்ப்ளாண்ட் உலகத்தின் பல நாடுகளில் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைப்பது. தமிழ்நாட்டில் ஆறு வயசுக்குட்பட்ட ஏழைப் பிள்ளைக்கு அரசுக் காப்பீட்டில் கிடைக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஆட்சி மாறியும் காப்பீடு நிற்கவில்லை. மத்திய அரசின் திட்டம் ஒன்றிலும் 2014 முதல் ஒரு பிள்ளைக்கு 6 லட்ச ரூபாய் வரை கொடுத்தார்கள். எங்கள் தெருப் பையன் பேசுகிறான் என்றால் அதுக்கு இந்த அரசியல்தான் காரணம். இதை ஏளனம் செய்கிற யாரோடும் நான் சேரமாட்டேன்.

ஆனால் இந்தத் திட்டத்தைப் பற்றி வருகிற செய்தியைக் கவனியுங்கள். எத்தனை பேருக்குப் பொருத்தினோம் என்பதுதான் எண்ணிக்கை. மேடையில் பிள்ளை, காதில் கருவி, போட்டோ. அந்தப் போட்டோவில் உள்ள பிள்ளைகளில் இன்றைக்கு எத்தனை பேர் கருவியை மாட்டியிருக்கிறார்கள் என்று எழுதின செய்தியை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். உள்ளே வைத்த பாகம் பல பத்து வருஷம் தாங்கும்படி செய்யப்பட்டது. வெளியே மாட்டுகிற பிராசஸர், காயில், ஒயர், பேட்டரி எல்லாம் அப்படி இல்லை. வியர்வை, தூசி, பள்ளிக்கூடத்து விளையாட்டு. சித்திரை வெயிலில் இங்கே வியர்க்கிற வியர்வைக்கு எந்த எலக்ட்ரானிக்ஸும் பாவம்தான். ஐந்தாறு வருஷம் போனால் மாடல் பழசாகிவிடும், பழைய மாடலுக்கு உதிரி குறையும். அப்போ கேட்பதும் கேட்காததும் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தைப் பொறுத்த விஷயமாக ஆகிவிடும். அரசு கொடுத்த காது, வீட்டுச் செலவில் ஓடுகிற காதாக மாறுகிற இடம் அது.

ஆழ்மூளைத் தூண்டலிலும் இதே கதைதான், இன்னும் கூர்மையாக. ரீசார்ஜ் செய்ய முடியாத பேட்டரி மூன்று முதல் ஐந்து வருஷத்தில் தீரும். அப்போ மறுபடி அறுவை, மறுபடி லட்சங்கள். பேட்டரி திடீரென்று நின்றால் சில நோயாளிகளுக்கு உடம்பு இறுகிப்போய் உயிருக்கே ஆபத்தாகும். "நிறுத்தலாம், திரும்பி வரலாம்" என்று மேலே நான் பெருமையாகச் சொன்ன அந்த சுவிட்ச், தேதி போட்டுத் தானாகவே அணைந்துவிடக்கூடியது. திரும்பி வருவது நம் விருப்பமாக இருந்தால் சுதந்திரம். காசு தீர்ந்ததால் என்றால் அதுக்குப் பேர் வேறு.

யாருக்கு என்ன பொருத்தினோம் என்ற பதிவேடாவது நம்மிடம் ஒழுங்காக இருக்கிறதா? கரண்ட் இல்லாத ஒரு இம்ப்ளாண்டில் நடந்ததைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் ஒரு வகைச் செயற்கை இடுப்புமூட்டை 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள் நடந்திருந்தன. பிறகு விசாரிக்கப் போனபோது, பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பகுதியினர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கருவிகளால் வருகிற தீங்குகளைப் பதிவுசெய்ய 2015-ல் ஒரு தேசியத் திட்டமும், 2017-ல் மருத்துவக் கருவி விதிகளும் வந்தன. நல்லது. ஆனால் தீங்கு என்றால் நம் மனசில் வருவது சீழ், ரத்தம். ஒயர் இல்லாமல் மூன்று வாரம் ஒரு பிள்ளை மௌனமாக இருந்தது எந்தப் படிவத்தில் தீங்காகப் பதிவாகும்?

திருவனந்தபுரத்தின் சித்ரா நிறுவனம் செய்த இதய வால்வை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள், பிறகு ஒரு லட்சத்துக்கும் மேல். அது திறக்கும், மூடும், அவ்வளவுதான். அதுக்குச் சார்ஜர் வேண்டாம், அப்டேட் வேண்டாம். மருந்து சாப்பிடணும், ரத்தம் பரிசோதிக்கணும், அது உண்மை. ஆனால் கம்பெனி போன் எடுக்காவிட்டால் இதயம் நின்றுவிடாது. கரண்டில் ஓடுகிற இம்ப்ளாண்டை நம் நாட்டிலேயே செய்வது வெறும் சுதேசிப் பெருமைக்காக என்று நான் முன்பு நினைத்தேன். இப்போ அப்படி நினைக்கவில்லை. ஒயர் எங்கே செய்யப்படுகிறது என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி.

இன்னொரு திசையிலும் வழி தெரிகிறது. அமெரிக்காவில் ஜான் ரோஜர்ஸின் குழு 2018-ல் எலிகளின் காலில் அடிபட்ட நரம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கருவியை வைத்தது. வெளியிலிருந்து ஒயர் இல்லாமல் கரண்ட் கொடுக்கலாம். நரம்பு வேகமாக வளர்ந்தது. இரண்டு வாரம் போல வேலை பார்த்துவிட்டுக் கருவி உடம்புக்குள்ளேயே கரைந்துபோய்விட்டது. எலியில்தான், மனிதரில் அல்ல. அதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஆனால் "கரண்டில் நரம்பு வளர்கிறது" என்று இதைப் பகிர்கிறவர்கள் முக்கியமான பாதியை விட்டுவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அதன் அழகு கரைந்துபோவதில் இருக்கிறது. வந்த வேலையை முடித்துவிட்டு யாரையும் கடன்காரர் ஆக்காமல் போய்விடுகிறது. திசுவை வளர்க்கிற கருவிக்கு அது பொருந்தும். காதுக்கும் நடுக்கத்துக்கும் பொருந்தாது. அங்கே கருவி ஆயுசுக்கும் இருக்கணும், ஆகவே அதைப் பார்க்கிற ஆளும் ஆயுசுக்கும் இருக்கணும்.

இனி படிக்கும்போது

அதனால் இப்படி ஒரு செய்தி வந்தால் நான் இப்போதெல்லாம் நாலு கேள்வி கேட்கிறேன். மூன்றில் எந்த வேலை: சிக்னல் கொடுப்பதா, திருத்துவதா, வளர்ப்பதா? எலியிலா மனிதரிலா, எத்தனை பேரில்? பேட்டரியும் உதிரியும் யார் செலவு, எத்தனை வருஷத்துக்கு? கம்பெனி மூடினால் அந்த ஆளின் கதி என்ன? கட்டுரையில் முதல் இரண்டுக்குப் பதில் இருந்தால் எழுதினவர் விஷயம் தெரிந்தவர். கடைசி இரண்டுக்கும் இருந்தால் அவர் நோயாளி யாரையாவது பார்த்திருக்கிறார். அப்படி ஒரு கட்டுரை தமிழில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், சந்தோஷமாகத் திருத்திக்கொள்கிறேன்.

கனகாவைப் பற்றியும் அப்படி ஒன்று யாராவது எழுதணும் என்று ஆசை. 1975-ல் அவர் மின்முனை வைத்த நோயாளிகள் அதுக்கப்புறம் என்ன ஆனார்கள், எத்தனை நாள் கரண்ட் ஓடியது, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று. "முதல்" என்பதைவிட அது அவருக்குப் பெரிய மரியாதையாக இருக்கும்.

பையனுக்கு ஒயர் வந்துவிட்டது. மாட்டின அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் அவன் சத்தம்தான். அவன் அம்மா இந்தத் தடவை இரண்டாக வாங்கிவிட்டார். ஒன்று பையன் தலையில். இன்னொன்று ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் வைத்திருக்கிற டப்பாவில்.